துலாக்கோலும் சுவடியும்

(அல்லிநகரத்தில் சுருத பஞ்சமி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று சுருத பஞ்சமி. செவிவழியாக மட்டுமே வந்துகொண்டிருந்த ஆகம அறிவு மறைந்துபோகுமோ என்று அஞ்சிய தரசேனாசாரியர், புட்பதந்தர், பூதபலி என்னும் இரு முனிவர்க்கு அதனைப் பயிற்றினார். அவர்கள் அதைச் சட்கண்டாகமம் என்னும் நூலாக்கினர். நூல் நிறைவுற்ற நாளையே இன்று கொண்டாடுகிறோம். அவ்விருவருள் பூதபலி தமிழகம் வந்தவர் என்பது மரபு கூறும் செய்தி. ஆகவே இந்த நாளில் தமிழ்ச் சமணர்க்குச் சற்றுக் கூடுதலான உரிமை உண்டு. நூல்களைத் துடைத்து, புதுத்துணி சுற்றி, பீடத்தில் வைத்து, மலர் தூவி வணங்குகிறோம். வணங்குவது எளிது. வணங்கிய நூலைப் பிரித்துப் படிப்பவர் யார், எந்த நேரத்தில் படிக்கிறார் என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

குறிப்பாக, கடையில் நிற்பவர் படிக்கும் படிப்பைப் பற்றியே இந்த உரை அமைகிறது. அல்லிநகரமும் தேனியும் சந்தையால் வளர்ந்த ஊர்கள். போடி மலையில் விளையும் ஏலமும் பள்ளத்தாக்கின் விளைபொருள்களும் இந்தத் தெருக்கள் வழியாகத்தான் போகின்றன. இங்குள்ள மளிகைக் கடை, ஜவுளிக் கடை, பாத்திரக் கடை, மருந்துக் கடை எதுவாயினும் ஒரு நாள் ஏறத்தாழ ஒரே முறையில் கழியும். காலையில் கடை திறந்து சாணமோ தண்ணீரோ தெளித்து, கல்லாவைத் துடைத்து, சரக்கு இறக்கி, பதினொரு மணிக்குக் கூட்டம் பார்த்து, மாலையில் மறுபடியும் கூட்டம் பார்த்து, இரவு கணக்கு முடித்து ஷட்டரை இறக்குவார்கள். இடையே வெயில் ஏறிய பிற்பகலில் இரண்டு மணி நேரம் ஈ ஓட்டும் நேரம். அந்த நேரத்தில் ஒருவர் தத்துவ நூலையோ ஒரு கதைப் புத்தகத்தையோ விரித்தால் அவரைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்வி பழையது: "இதைப் படித்து என்ன ஆகப்போகிறது? கடையைப் பார்."

கேள்வி கேட்பவர் கெட்டவர் அல்லர். பெரும்பாலும் தகப்பனார்தாம் கேட்பார், அல்லது மாமனார். குடும்பம் பசியாமல் இருக்க வேண்டுமே என்ற கவலையில் பிறந்த கேள்வி அது. எனவே அதனை எள்ளி ஒதுக்காமல், படித்த கடைக்காரர்களின் வாழ்க்கையைக் கொண்டே விடை காண்பது முறை. சமணத்தில் அத்தகையோர்க்குக் குறைவில்லை.

மிகப் பழையவர்கள் பாறைகளில் இருக்கிறார்கள். இங்கிருந்து கம்பம் சாலையில் போனால் உத்தமபாளையம் வரும். அங்கே ஊராரால் கருப்பணசாமி கோயிலோடு சேர்த்தே அறியப்படும் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றைச் செய்வித்தவர் பெயர்கள் வட்டெழுத்தில் உள்ளன. பாண்டிய நாடெங்கும் அறப்பணி செய்த அச்சணந்தி அடிகளின் பெயரும் அவற்றுள் ஒன்று. இன்னும் பழமையானது மதுரையை அடுத்த அழகர்மலைக் குகைத்தளம். அங்குள்ள தமிழ்பிராமிக் கல்வெட்டுகளில் முனிவர்க்குக் கொடை அளித்தோர் தம் தொழிலோடு பெயர் பொறித்திருக்கின்றனர். உப்பு வணிகன் ஒருவன். பாணிதம் என்னும் கரும்புப் பாகு விற்றவன் ஒருவன். ஏரில் மாட்டும் கொழு விற்றவன் ஒருவன். துணி விற்ற அறுவை வணிகன் ஒருவன். உப்பு, வெல்லப்பாகு, கொழு, துணி ஆகிய அனைத்தும் இன்றும் தேனிக் கடைத்தெருவில் கிடைப்பவைதாம்.

எழுத்திலும் வணிகர் உண்டு. மணிமேகலை ஆசிரியரைக் கூலவாணிகன் சாத்தனார் என்றே மரபு அழைக்கிறது. நெல்லும் வரகும் விற்றவர், ஒரு பெண்ணின் கதைக்குள்ளே பல சமயக் கணக்கர்களின் தருக்கத்தையும் வைத்தார். கதையும் தத்துவமும் இரண்டு அலமாரிகளில் வைக்கப்பட வேண்டியவை என்று அந்தத் தானியக் கடைக்காரர் எண்ணவில்லை. அக்காப்பியம் பௌத்தச் சார்புடையது. அதில் நிகண்டவாதி பேசும் பகுதி நமக்கு நிறைவு தருவதன்று. அதனாலென்ன? பௌத்தரோடு வாதிடப் பின்னர் நீலகேசி வந்து சேர்ந்தாள்.

இவர்களைப் பற்றி அறியக் கிடைப்பவை சில வரிகளே. தன் கடை வாழ்வையும் படிப்பையும் நட்டத்தையும் தானே விரிவாக எழுதிவைத்த ஒரு ஜைன வணிகரைக் காண வேண்டுமானால் வடக்கே போக வேண்டும். அவர் பெயர் பனாரசிதாஸ். 1586ஆம் ஆண்டு ஜோன்பூரில், ஸ்ரீமால் குலத்தில், இரத்தின வணிகம் செய்த கரக்சேன் என்பவர்க்கு மகனாகப் பிறந்தவர். 1641இல், தமது ஐம்பத்தைந்தாம் வயதில், 675 பாக்களில் தம் வரலாற்றை எழுதி அதற்கு 'அர்த்த கதானகம்' எனப் பெயரிட்டார். பாதிக் கதை என்பது பொருள். மனித ஆயுள் நூற்றுப்பத்து ஆண்டு என்று கொண்டால் தாம் பாதியில் நிற்பதாக அவர் கணக்கு. கணக்கு வணிகர்க்குப் பழக்கமானது. ஆயினும் இந்தக் கணக்கு பொய்த்தது. இரண்டு ஆண்டுகளில், 1643இல் அவர் மறைந்தார்.

இளமையில் அவருக்குப் படிப்பில் பேராசை. நிகண்டு, அணியிலக்கணம், சோதிடம் எனப் பலவும் பயின்றார். பெரியவர்கள் கூடி அவருக்கு அறிவுரை கூறியதை அவரே எழுதியுள்ளார். மிகுந்த படிப்பு அந்தணர்க்கும் பாணர்க்கும் உரியது, வணிகன் மகன் கடையில் உட்கார வேண்டும், மிகப் படித்தவன் பிச்சை எடுப்பான் என்பது அந்த அறிவுரையின் சாரம். நானூறு ஆண்டுகளுக்கு முன் ஜோன்பூரில் சொல்லப்பட்டது, நேற்று அல்லிநகரத்தில் சொல்லப்பட்டதுபோல் இல்லையா? பனாரசிதாஸ் பெரியவர்களை மறுத்துப் பேசவுமில்லை. அவர்கள் சொல்லைக் கேட்கவுமில்லை. இது எந்தக் காலத்து இளைஞர்க்கும் இயல்பே.

அந்நாளில் காதற்சுவை மிகுந்த ஆயிரம் பாக்கள் கொண்ட ஒரு நூலை அவர் இயற்றினார். அக்பர் மறைந்த 1605ஆம் ஆண்டுக்குச் சற்றுப் பின், கோமதி ஆற்றுப் பாலத்தின் மேல் நண்பர்களோடு அமர்ந்து அந்நூலைப் படித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. ஒரு பொய் சொன்னாலே பாவம் என்றால், நூல் முழுதும் கற்பனையாகிய பொய்யை நிறைத்தவன் கதி என்ன? சுவடியை அப்படியே ஆற்றில் விட்டார். நண்பர்கள் பதறினர், ஏடுகள் நீரோடு போயின. ஐந்து அணுவிரதங்களுள் வாய்மையை உடைய நம் சமயத்தில் இந்த ஐயம் எழுவது இயற்கை. கதை பொய்தானே, அதைப் படிப்பதால் மனம் கெடாதா என்று இன்றும் சில இல்லங்களில் பெரியவர்கள் கேட்பதுண்டு. பனாரசிதாஸ் அந்தக் கேள்விக்குக் கொடுத்த முதல் விடை ஆற்றில் எறிவது. அவருடைய இரண்டாவது விடை வேறு.

சில ஆண்டுகள் கழித்துத் தந்தையார் அவரிடம் இரத்தினக் கற்களும் நெய்யும் எண்ணெயும் ஜோன்பூர்த் துணியும் ஒப்படைத்து ஆக்ராவுக்கு அனுப்பினார். அவருக்கு அந்த ஊர் புதிது. ஊரின் தந்திரங்களும் புதியன. கற்களுள் சில கவனக்குறைவால் தொலைந்தன, நகை வாங்கிய ஒருவர் நொடித்துப்போனார், கைமுதல் கரைந்தது. கடைக்குப் போவதற்கு ஒன்றுமில்லாத நிலையில், பகலில் வீட்டில் அடங்கியிருந்தார். இரவானால் 'மதுமாலதி', 'மிருகாவதி' என்னும் இரு காதல் காவியங்களைக் குரலெடுத்துப் படித்தார். பத்து இருபது பேர் வந்து சுற்றி அமர்ந்து கேட்டனர். மஞ்சன், குதுபன் என்ற சூஃபிப் புலவர்கள் இயற்றிய கதைகள் அவை. முஸ்லிம் ஞானியர் பாடிய கதையை, முதலிழந்த ஒரு ஜைன வணிகர், ஆக்ரா நகரத்து மக்களுக்கு இரவில் படித்துக்காட்டுகிறார். தம் கற்பனையை ஆற்றில் எறிந்தவரை, பிறர் கற்பனை தாங்கிக்கொண்டது.

கேட்க வந்தவர்களுள் ஒருவர் கச்சோரி விற்பவர். அவரிடம் பனாரசிதாஸ் கடனுக்கு வாங்கி உண்டுவந்தார். ஒரு நாள் அவரைத் தனியே அழைத்து, தம்மிடம் பணமில்லை, இனிக் கடன் தரவேண்டாம் என்று உள்ளதை உரைத்தார். கச்சோரிக் கடைக்காரர் தயங்காமல், விரும்பியபடி உண்ணுங்கள், எவரும் கேட்கமாட்டார் என்ற கருத்தில் மறுமொழி சொன்னார். மாதக்கணக்கில் அப்படியே நடந்தது. பின்னர் வணிகத்தில் பணம் வந்தபோது அந்தக் கணக்கு தீர்க்கப்பட்டது. அர்த்த கதானகத்தில் அரசர்கள் வருகிறார்கள், போர்ச் செய்தி வருகிறது, கொள்ளைநோய் வருகிறது. அவை எல்லாவற்றையும் விட இந்தச் சில்லறைக் கடைக்காரரே நினைவில் நிற்கிறார். அவர் எழுத்தறிந்தவரோ அல்லரோ, கதை கேட்டவர். படிப்பினால் பிச்சைதான் கிடைக்கும் என்ற பெரியவர்களின் எச்சரிக்கை அன்று மெய்யாகும் நிலைக்கு வந்தது. அதைத் தடுத்ததும் அந்தப் படிப்பில் வந்து கூடிய நட்பே.

பின்னும் அவர் வணிகம் பெரிதும் தழைத்ததாகச் சொல்ல முடியாது. சபல்சிங் என்னும் செல்வரிடம் கூட்டுக் கணக்கை முடித்துக்கொள்ளப் போனால், அவர் பாட்டிலும் கூத்திலும் மூழ்கியிருப்பார். பனாரசிதாஸ் நாள்கணக்கில் காத்திருந்து திரும்புவார். நிலுவைக்காகப் பெரிய கடை வாசலில் காத்து நின்ற அனுபவம் உள்ளவர்கள் இந்த அவையிலும் இருப்பார்கள். வீட்டிலோ துயரம் பெரிது. மூன்று திருமணம்; ஒன்பது மக்கள்; ஒருவரும் பிழைக்கவில்லை.

1623இல் ஒருவர் அவர் கையில் குந்தகுந்தாசாரியரின் சமயசாரத்தை, இராசமல்லர் எழுதிய இந்தி உரையுடன் கொடுத்தார். குந்தகுந்தர் தவம் செய்ததாக நம் மரபு போற்றுவது வந்தவாசியை அடுத்த பொன்னூர்மலை. அந்த மலையோடு பிணைந்த ஞானம் ஆக்ராவின் கடைவீதியில் ஒரு வணிகர் மடியில் விரிந்ததை எண்ணிப் பார்க்கலாம். ஆனால் அந்தப் படிப்பு முதலில் நன்மை செய்யவில்லை என்பதை அவரே மறைக்காமல் சொல்கிறார். ஆன்மா தூயது, செயல்கள் புறத்தன என்ற நிச்சய நயத்தைப் படித்தவர், அன்றாட அறத்தை நெறிப்படுத்தும் வியவகார நயத்தை விட்டுவிட்டார். நோன்பும் வழிபாடும் வீண் என்று கைவிட்டார். நண்பர் மூவரோடு ஓர் அறையில் ஆடை களைந்து, தாமே முனிவர் என்று ஆடினார். ஊர் சிரித்தது. ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து, 1635இல் ரூப்சந்த் என்னும் பண்டிதர் ஆக்ராவுக்கு வந்து கோம்மடசாரத்தை விளக்கினார். குணத்தானங்கள் படிப்படியானவை, அந்தந்தப் படியில் நிற்பவர்க்கு அந்தந்த ஒழுக்கம் உண்டு என்று கேட்ட பின்னரே அவருடைய குழப்பம் தீர்ந்தது. மறு ஆண்டு, 1636இல், 'சமயசார நாடகம்' எழுதினார். இன்றும் வடநாட்டு ஜைனர் பலர் ஓதும் நூல் அது.

தனியே கல்லா மேசையில் உட்கார்ந்து ஆழ்ந்த தத்துவத்தைப் படிப்பவர்க்கு இந்த நிகழ்ச்சி ஓர் எச்சரிக்கை. உரையாட ஆள் இல்லாத படிப்பு ஒருபுறம் சாயும். கதை படித்த இரவுகளில் இருபது பேர் உடனிருந்தனர். சமயசாரம் படித்தபோது தம்மைப் போன்றே எண்ணிய மூவர்தாம் உடனிருந்தனர். எது அவரைக் காத்தது, எது அலைத்தது என்பதை அவர் வாழ்வே காட்டுகிறது.

இந்த நூலை அச்சில் கொண்டுவந்தவரைப் பற்றியும் ஒரு சொல். 1943இல் அர்த்த கதானகத்தைப் பதிப்பித்த நாதூராம் பிரேமி, தாமும் ஒரு ஜைனர், தாமும் ஒரு கடைக்காரர். பம்பாயில் 'இந்தி கிரந்த ரத்னாகர்' என்ற புத்தக நிலையத்தை 1912இல் தொடங்கினார். அதன் முதல் வெளியீடு, ஜான் ஸ்டூவர்ட் மில் சுதந்திரம் பற்றி எழுதிய தத்துவ நூலின் இந்தி மொழிபெயர்ப்பு. பிரேம்சந்தின் 'கோதான்' நாவலும் 1936இல் அந்தக் கடையிலிருந்தே வந்தது. தத்துவமும் புதினமும் பழஞ்சமண நூல்களும் ஒரே கல்லாவைக் கடந்து போயின.

அந்தப் பம்பாயிலேயே, பிரேமிக்குச் சற்று முன், இன்னொருவர் கடை நடத்தினார். 1867இல் கத்தியவாரிலுள்ள வவாணியாவில் பிறந்த ஸ்ரீமத் ராஜசந்திரர். முத்தும் வைரமும் விற்ற வணிகர். பதினாறு வயதில் 'மோட்சமாலை' எழுதியவர். 142 பாக்களாலான 'ஆத்மசித்தி'யை 1896இல் நடியாதில் ஒரே அமர்வில் இயற்றியவர். இங்கிலாந்திலிருந்து 1891இல் திரும்பிய காந்தியடிகள் அவரைக் கண்டு வியந்ததைத் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். வணிக மேசையின் மேல் எப்போதும் ஒரு சமய நூலும் அவருடைய குறிப்பேடும் இருக்கும். பெரிய வியாபாரத்தைப் பேசி முடித்த அடுத்த கணமே அவர் நூலையோ குறிப்பேட்டையோ திறப்பார். தென்னாப்பிரிக்காவில் சமய ஐயங்களால் கலங்கியபோது காந்தியடிகள் கேள்விகள் எழுதி அனுப்பியது இந்த நகைக்கடைக்காரருக்குத்தான். விடைகளோடு சில நூல்களும் கப்பலேறின. ஹரிபத்ர சூரியின் 'சட்தரிசன சமுச்சயம்' அவற்றுள் ஒன்று.

ராஜசந்திரர் போற்றத்தக்கவர், ஆனால் அவரைப் பின்பற்று என்று கடைப் பையனிடம் சொல்வது எளிதன்று. ஒரே நேரத்தில் நூறு செய்திகளை நினைவில் இருத்தும் சதாவதானியாக விளங்கியவர் அவர். 33 வயதில் உலகை நீத்துவிட்டார். நட்டப்பட்டு, நாணி, தவறான பொருள் கொண்டு, திருந்தி, மீண்டும் கடைக்குப் போன பனாரசிதாஸ் நமக்கு இன்னும் அணுக்கமானவர். ஆயினும் ராஜசந்திரரிடம் ஒன்றைக் கட்டாயம் கற்க வேண்டும். அவருக்கு நூலின் இடம் மேசையடியில் அன்று, மேசையின் மேல். விலை திடீரென ஏறியதால் ஒப்பந்தப்படி பொருள் தர முடியாமல் நொடிந்துபோக இருந்த எதிர்வணிகரின் ஒப்பந்தச் சீட்டை அவர் கிழித்துவிட்டார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. மேசையின் மேல் இருந்த நூல் வியாபாரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தது என்பதே அதன் பொருள்.

சமண நூல்கள் அப்படிப் பார்ப்பவையே. தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி, கள்ளாமை விரதத்துக்கு நேரும் ஐந்து குற்றங்களைச் சொல்கிறார். அவற்றுள் ஒன்று குறைந்த எடையால் விற்று நிறைந்த எடையால் வாங்குவது; மற்றொன்று நல்ல சரக்கில் போலியைக் கலப்பது; மேலும் ஒன்று திருட்டுப் பொருள் என்று தெரிந்தும் வாங்குவது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் தமிழாக்கமான அருங்கலச்செப்பும் இவற்றையே இல்லறத்தார்க்கு உரைக்கின்றன. உயிரும் உயிரல்லாதனவும் எவை என ஆராயும் அதே சூத்திரம், தராசுத் தட்டின் அடியில் ஒட்டிய புளியையும் கவனிக்கிறது. மிளகில் பப்பாளி விதை கலப்பது இன்றைய நாளிதழ்ச் செய்தி. உமாசுவாமிக்கு அது பழஞ்செய்தி. படித்து என்ன ஆகப்போகிறது என்ற கேள்விக்கு ஒரு விடை இங்கே உள்ளது. கடைக்காரர்க்குத் தத்துவம் வானத்தைப் பற்றியது அன்று. அவருடைய வலக்கையைப் பற்றியது.

வடநாட்டிலிருந்து தமிழகத்துக்குத் திரும்புவோம். 1880இல் கும்பகோணம் கல்லூரிக்கு ஆசிரியராக வந்த உ.வே. சாமிநாதையர், சீவக சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கி, உரையிலுள்ள சமணக் கருத்துகள் விளங்காமல் தவித்தார். அவ்வூரில் சமணக் குடும்பங்கள் உண்டென்று அறிந்து ஓர் இல்லத்துக்குச் சென்றபோது, அங்கே விழாக்கோலம் கண்டார். திருமணமா என்றால் இல்லை. தொடர்ந்து வாசிக்கப்பட்டுவந்த சிந்தாமணி அன்று நிறைவுற்றது, அதற்காகவே விழா. புலவர்களும் கல்லூரியும் மறந்திருந்த காப்பியத்தை, இல்லறச் சமணர்கள் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் உயிரோடு வைத்திருந்தனர். சந்திரநாத செட்டியார் முதலிய அன்பர்கள் ஐயருக்கு ஐயம் அகற்றினர். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. இதை நம்மவர் அடிக்கடி பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பெருமைக்கு உரியவர்கள் ஐயர் வருவதற்கு முன்பே, எவரும் பார்க்காதபோது, கூடிப் படித்தவர்கள்.

சிந்தாமணியோ கதை. அதில் காதலும் யாழும் போரும் நிறைந்துள்ளன, முடிவில் துறவு. அரசன் மகனாகிய சீவகனை எடுத்து வளர்த்தவன் கந்துக்கடன் என்னும் வணிகன். கடைக்காரர் மனம் நெகிழ்வதற்கென்றே அமைந்ததுபோல் விமலையார் இலம்பகம் இருக்கிறது. சாகரதத்தன் கடையில் சரக்கு நெடுங்காலமாக விலைபோகவில்லை. சீவகன் வந்து அந்தக் கடையின் முன்னே அமர்கிறான்; தேங்கிக் கிடந்த சரக்கெல்லாம் ஒரேயடியாக விற்றுத் தீர்கிறது. முன்னமே சோதிடர் சொல்லியிருந்தபடி, வணிகன் தன் மகள் விமலையை அவனுக்கு மணம் செய்விக்கிறான். திருத்தக்கதேவர் முற்றும் துறந்த முனிவர். விலைபோகாத சரக்கைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பவனின் வயிற்றெரிச்சலை அவர் எங்ஙனம் அறிந்தார்? கதை அந்த அறிவைத் தரும். முனிவர்க்குக் கடைக்காரன் மனத்தைத் தந்த கதை, கடைக்காரர்க்கு முனிவர் மனத்தையும் ஓரளவு தரக்கூடும்.

நம் காலத்திலும் சான்றுகள் உண்டு. திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் பாத்திரக் கடை நடத்திய ஆ. மாதவன், வாழ்நாள் முழுதும் அந்தத் தெருவின் மனிதர்களையே எழுதினார். 'கடைத்தெருக் கதைகள்', 'புனலும் மணலும்', 'கிருஷ்ணப் பருந்து' ஆகியவை வாடிக்கையாளர் வந்துபோகும் இடைவெளிகளில் விளைந்தவை. 2015இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நெல்லையில் மிளகாய் வற்றல் வணிகம் செய்த தோப்பில் முகமது மீரான், 'சாய்வு நாற்காலி'க்காக அதே விருதை 1997இல் பெற்றார். அவ்வளவு தொலைவும் போக வேண்டியதில்லை. தேனியிலேயே பழ வணிகம் செய்துகொண்டு புதினங்கள் எழுதியவர் தேனி சீருடையான். 'கடை' என்றே ஒரு புதினம். 'நிறங்களின் உலகம்' மற்றொன்று. ஆரஞ்சும் வாழையும் அடுக்கிய கை எழுதிய நூல்களை, அதே தெருவில் அரிசி விற்பவர் படித்திருக்கிறாரா என்பது கேட்கத் தகும்.

இவர்கள் எல்லாரும் கடைக்கு உரியவர்கள். இன்று நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் வேலை பார்ப்பது பிறர் கடையில். சென்னையிலும் மதுரையிலும் பெரிய துணிக்கடைகளிலும் பேரங்காடிகளிலும் நாள் முழுதும் நிற்கிறார்கள். பிற்பகல் ஓய்வும் அவர்களுக்கு இல்லை. கண்காணிப்புக் கேமரா உண்டு. உட்காரும் உரிமைக்கே ஒரு சட்டம் வேண்டியிருந்தது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை 2021இல் திருத்தி, பணியாளர் அமர இருக்கை தரவேண்டும் என்று விதித்தார்கள். இரவு உண்ணாமை நோன்பைக் கைக்கொள்ளும் பிள்ளை, கூட்டம் நெரியும் ஐந்தரை மணிக்குச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. தீபாவளி மகாவீரர் வீடுபேறடைந்த நாள். அந்த விடியலில் வழிபாட்டுக்கு எழ வேண்டியவர், முன்னிரவு முழுதும் புடவை மடித்துவிட்டு வந்து படுத்திருப்பார். அவரிடம் போய்ச் சமயசாரம் படி என்பது இரக்கமற்ற பேச்சாகிவிடும்.

அதனால்தான் தத்துவார்த்த சூத்திரம் சுவாத்தியாயத்தை ஐந்தாகப் பகுத்தது உதவியாகிறது. படிப்பது ஒன்று, ஐயம் கேட்பது ஒன்று, படித்ததை எண்ணிப்பார்ப்பது ஒன்று, பிழையின்றி ஓதிக்கொள்வது ஒன்று, பிறர்க்கு எடுத்துரைப்பது ஒன்று. இவற்றுள் முதலாவதற்கு மட்டுமே கையில் ஏடு வேண்டும். காலையில் பேருந்தில் ஒரு நாலடி வெண்பாவைப் படித்தவர், பகல் முழுதும் துணி விரித்துக் காட்டிக்கொண்டே அதை எண்ணிப்பார்க்கலாம். அனுப்பிரேட்சை என்னும் அந்த எண்ணிப்பார்த்தலுக்குக் கேமரா தடையில்லை. கோபத்தோடு வந்த வாடிக்கையாளர் பத்துப் புடவையைக் கலைத்துவிட்டு வாங்காமல் போகும்போது, காலையில் படித்த பொறையுடைமை கையிலேயே இருக்கிறது. அது உதவியதா இல்லையா என்பது அந்த நிமிடத்திலேயே தெரிந்துவிடும். கல்லூரியில் தத்துவம் படிப்பவர்க்கு இந்த வாய்ப்பு ஆண்டுக்கு இரண்டு தேர்வில்தான்.

ஏடு கிடைப்பதும் இன்று அரிதன்று. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் நம் பழந்தமிழ் நூல்களை விலையின்றிக் கைப்பேசிக்குக் கொண்டுவந்துவிட்டது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகமும் உள்ளது. குறைவது நூல் அன்று. உடன் அமர்ந்து கேட்கும் இருபது பேர். கும்பகோணத்து இல்லத்தில் அவர்கள் இருந்தார்கள். ஆக்ராவில் கச்சோரிக்காரர் இருந்தார். நாலடியார், சிந்தாமணி, நீலகேசி, மேருமந்தர புராணம் எல்லாம் நம்மவை என்று விழா மேடைகளில் சொல்லிக்கொள்கிறோம். இவற்றுள் ஒன்றையேனும் முழுதும் படித்துக் கேட்ட இல்லங்களைக் கணக்கெடுத்தால் அடுத்த தலைமுறைக்கு எஞ்சப்போவது நூலா, நூற்பெயரா என்பது தெளிவாகும்.

அல்லிநகரத்தில் இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். வாரத்தில் ஓர் இரவு, கடைகள் அடைத்தபின், ஒன்பதரை மணிக்கு யாரேனும் ஒருவர் வீட்டுக் கூடம் போதும். ஒருவர் பாடலைப் படிக்க, ஒருவர் உரை சொல்ல, மற்றவர் குறுக்கே கேள்வி கேட்கட்டும். சமணர் அல்லாத பக்கத்துக் கடைக்காரர் வந்தாலும் நல்லது. ஆக்ராவில் அப்படித்தான் நடந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கைப்பேசி வழியே கேட்டுக்கொள்ளலாம். விடுதி அறையில் கால் நீட்டிப் படுத்தபடி கேட்டாலும் குற்றமில்லை, அவர்கள் நாள் முழுதும் நின்றவர்கள். தொடக்கத்துக்கு விமலையார் இலம்பகம் பொருத்தமானது. அது நீளம் குறைந்தது. கடையும் திருமணமும் அதில் உண்டு. இன்று பீடத்தில் புதுத்துணி சுற்றி வைத்திருக்கும் நூல்களுள் ஐயர் பதிப்பித்த சிந்தாமணியும் ஒன்று. விழா முடிந்து நூல்களை அலமாரியில் அடுக்கும்போது, அதை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளலாம்.